துருவுக்கு வந்த உப்புத்தாள்

“என் துருவை யாரு தேய்ச்சது?”

அவள் போட்ட சத்தத்தில் கணவர் கையிலிருந்த டீ தளும்பியது. பத்திரமாக இருக்கட்டும் என்று நேற்று ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடித் தகடு, சாப்பாட்டு மேஜையில் வெளுத்துக் கிடந்தது.

“நான்தான். துருவா இருந்துச்சேன்னு லேசா உப்புத்தாள் போட்டேன்.”

“அது பிடிச்ச துரு இல்லைங்க, நான் பிடிக்க வெச்ச துரு!”

நல்ல ஜோடிப் பொருத்தம். அவர் பாலங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். இருபது வருடமாகத் துருவைச் சுரண்டியே சாப்பிடுகிறவர். அவளோ துருவை வளர்ப்பவள். துரு பூசிய தகட்டைத் தண்ணீரில் வைத்து வெயில் காட்டினால், தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழியாக வர வேண்டும். மூன்று வருடமாகப் பெயருக்குத்தான் வந்தது. கெட்டியாகப் பூசினால் குமிழி இல்லை, மெல்லிசாகப் பூசினால் பொத்தல். தினமும் சாப்பிடும்போது இதே புலம்பல்தான்.

“பத்து மணிக்குக் குழு வருது. குமிழி வரலைன்னா ஆராய்ச்சியையே மூடிடுவாங்க. உங்களை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?”

“தப்புதாம்மா. இதையே போட்டுப் பாரேன்.”

“வேற வழி? என் தலையெழுத்து!”

மத்தியானம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள்.

“ஏங்க, குமிழி பொங்கிக்கிட்டு வந்துச்சு! இன்னும் ரெண்டு வருஷம் கொடுத்துட்டாங்க. குருட்டு அதிர்ஷ்டம்னா இதுதான். நீங்க கடைசிவரைக்கும் இப்படியே அசடாவே இருங்க!”

அவர் அசடு வழியச் சிரித்தார். அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“எந்த உப்புத்தாள் அது? அதேபோல இன்னும் பத்து தகடு பண்ணணும்.”

“இரு, நானே எடுத்துத் தரேன்.”

அவர் பதறி எழுவதற்குள் அவள் பெயின்ட் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

உப்புத்தாளுக்கு அடியில், உதவாது என்று அவள் வீட்டுக் குப்பையில் எறிந்த தகடுகள் முப்பத்தொன்று வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் அவருடைய கையெழுத்து. ‘அறுபது தேய்ப்பு, கண்ணாடி தெரியுது.’ ‘முப்பது, ஓரம் போச்சு.’ கடைசித் தகட்டில்: ‘பன்னிரண்டு. மெல்லிசு, பொத்தல் இல்லை. நல்ல தகட்டைக் கேட்டா தரமாட்டா. திட்டு வாங்கிக்கலாம்.’