புழு சொன்ன தீர்ப்பு

பூக்கும் பருவத்தில் தன் இலைகள் உதிரக் கண்ட மாமரம், அஞ்சிப்போய் இரு வைத்தியர்களை அழைத்தது.

வேரடியில் அமர்ந்த தேரை, "உன் சாறு முதலில் தேங்கிக் கெட்டது, பின்பு பொங்கிப் பரவி, பலவீனமான கிளையில் குடியேறிற்று. உள்ளே இருக்கும் புழு அதன் பிறகே வந்தது," என்றது.

"கண்ணால் காணாத கதையை ஏன் அளக்கிறீர், தேரையாரே? புழு துளைத்தது, அதனால்தான் சாறு கெட்டது!" என்று மரங்கொத்தி எள்ளி நகைத்தது.

"வழக்கு இருக்கட்டும், ஐயா! என்னைப் பிழைக்க வையுங்கள்," என்று மரம் கெஞ்சிற்று.

உள்ளிருந்த புழு பணிவாகச் சொல்லிற்று: "இருவர் சொல்வதும் சரிதான். கெட்ட சாற்றின் வாசனை பிடித்து வந்தேன். மிச்சத்தை நான் கெடுத்தேன்."

தன் கட்சியே வென்றதென்று மார்தட்டிக்கொண்டு தேரை குளத்துக்குப் போயிற்று. அவ்வாறே எண்ணி மரங்கொத்தியும் பறந்தது.

மரத்தோடு தங்கியது புழு மட்டுமே.