டார்ச் பிடித்தவர்

எங்கள் வீட்டு ஷெட்டில் நின்ற குட்டி விமானத்தை விமானத் துறை அதிகாரி சுற்றி வந்தார்.

"பாதிக்கு மேல சொந்தக் கையால செஞ்சிருந்தாத்தான் பறக்க அனுமதி. யாரு செஞ்சது?"

"நான்தான் சார். ஒவ்வொரு ரிவெட்டும் என் கை. என் மனைவி டார்ச் பிடிச்சா, அவ்வளவுதான்."

பக்கத்தில் நின்ற என் மனைவி சிரித்தாள்.

"கதவு மட்டும் ஏன் கோணல்?"

"அன்னிக்கு இவ டார்ச்சை ஆட்டிட்டா சார்."

"மத்தபடி அருமையான வேலை. உங்க பேரையே போட்டுடறேன். நாளைக்கு இது யார் கூரை மேலயாவது விழுந்தா, கேஸ், நஷ்டஈடு எல்லாம் செஞ்சவர் தலையிலதான்."

என் வீரம் அங்கேயே தரையிறங்கிவிட்டது.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். செஞ்சதெல்லாம் இவதான். டார்ச் பிடிச்சதுதான் நான்."

அதிகாரி என்னைப் புழுவைப் போலப் பார்த்தார். "பொறுப்புன்னதும் பொண்டாட்டி தலையில கட்டறீங்களா?"

"இல்ல சார், அவர் சொல்றது நிஜம்," என்றாள் மனைவி. "என் பேரையே போடுங்க. கதவு மாட்டும்போதுதான் இவர் டார்ச்சோட தூங்கிட்டார்."