பூட்டிட்டேன்

“என்னங்க, இன்னிக்கு நேரத்தோட வந்துட்டீங்க? வேலை போயிடுச்சா?”

“வேலைக்கு என்ன கேடு? பூட்டினேன், வந்தேன்” என்றார் அவர், சட்டையைக் கழற்றியபடி.

மனைவியால் நம்ப முடியவில்லை. இந்த மனுஷன் வேலை முடிந்து பாதி வழி வருவார். ‘பூட்டினோமா, இல்லையா’ என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பி ஓடுவார். பூட்டை இழுத்துப் பார்த்து, உள்ளேயும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும், அவள் கொதித்துப்போயிருப்பாள். இன்னொரு நாள் இப்படி வந்தால் அம்மா வீடுதான் என்று போன மாதம் பெட்டியையே கட்டிவிட்டாள்.

அப்போது குறுக்கே விழுந்து தடுத்தவன், யோகா சொல்லிக்கொடுக்கும் அவள் தம்பி. மனசு பழகின தடத்திலேயேதான் போகும், புதுத் தடம் போடவேண்டும், ஒருநாள்கூட விடக்கூடாது என்றான். ‘பூட்டலை’ என்ற எண்ணம் தலைகாட்டும்போதெல்லாம் ‘பூட்டிட்டேன்’ என்ற எதிர் எண்ணத்தை நடவேண்டும். அன்றிலிருந்து சம்மணமிட்டாலும், பல் தேய்த்தாலும், பேருந்தில் தொங்கினாலும் அவருக்கு அதே ஜெபம். பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்தால்கூட ‘பூட்டிட்டேன்’ என்றுதான் பதில் வந்தது.

செய்தி கேட்டு ஓடிவந்த தம்பி பூரித்துப்போனான்.

“சந்தேகமே வரலையா மாமா?”

“சுத்தமா வரலை, மச்சான்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இனிப் பெட்டியைப் பிரித்துவிடலாம். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவ எடுக்கலாமென்று அவர் பையைத் திறந்தாள். உள்ளே பெரிய இரும்புப் பூட்டு ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்தது. சாவியும் அதிலேயே இருந்தது.

“என்னங்க இது?”

“பூட்டு.”

“இது இங்க இருந்தா, அங்க?”

அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். “பூட்டிட்டேன்” என்றார் சாந்தமாக.

வாசல் கதவை யாரோ உடம்பால் உரசுவது கேட்டது. தம்பி போய்த் திறந்தான். திறந்த வேகத்தில் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, மாமாவின் பக்கத்தில் சம்மணமிட்டு, “அங்க ஒண்ணும் இல்லை, அங்க ஒண்ணும் இல்லை” என்று மூச்சுவிட ஆரம்பித்தான்.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மிருகக்காட்சிசாலையில் தினமும் இரண்டாவது தடவையும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரை இன்று காணோமே என்று, சிங்கமே தேடிக்கொண்டு வந்திருந்தது.