இடது பக்கத்துக் கரகரப்பு

"இது ரிப்பேரா, இல்ல ஊரை ஏமாத்துற வேலையா? வாயைத் திறந்து சொல்லு டென்சில்!"

அல்சூர் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் ஆதிகேசவன். பழைய போர்வையில் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்த ஸ்டீரியோ ரிசீவரை மேஜைமேல் வைத்தார். வைத்தது மட்டும் மெதுவாகத்தான். இருபது வருஷத்துக்கு முன்னால், கப்பல் வேலையிலிருந்த சிநேகிதர் ஒருவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதன்மேல் அவருக்கு உயிர்.

"மறுபடியும் கரகரன்னு வருதா சார்?" என்றான் மெக்கானிக் டென்சில்.

"வராம? இடது பக்கம் பாட்டே கேட்கல. அப்பளம் நொறுக்குற சத்தம்தான் கேட்குது. இந்த ஒரு வருஷத்துல இது ஆறாவது தடவை! இங்கே போட்டுக் காட்டினா கணீர்னு பாடுது. வீட்டுக்குக் கொண்டுபோனா ஒரு மாசம் தாங்குது, அப்புறம் மறுபடியும் கரகர."

"ஸ்பீக்கரை மாத்திப் போட்டுப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்யா! இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் மாட்டினேன். அப்பவும் இடது பக்கம்தான் கரகர. அப்போ கோளாறு ஸ்பீக்கர்ல இல்ல, இந்த செட்டுக்குள்ளதானே? முப்பது வருஷம் விதான சௌதாவுல கவர்மெண்ட் ஃபைல் பார்த்தவன் நான். எனக்கே பாடம் எடுக்காதே."

கையில் மிக்ஸியோடு காத்திருந்த முனிராஜ் நடுவில் புகுந்தார். "சார் கேக்கறதுல ஞாயம் இருக்குப்பா. ஏன் சார், எலி கிலி புகுந்து ஒயரைக் கடிக்குதோ?"

"என் வீட்டுல எலியா?" ஆதிகேசவன் அவர்மேல் பாய்ந்தார். "என்னைக் கேட்காம என் வீட்டுல ஒரு துரும்பு அசையாது சார். போனுக்குப் பூட்டு, சாவி என் இடுப்புல. போஸ்ட்மேன் மணியடிச்சா நான்தான் வாசலுக்குப் போவேன். நான் இல்லாம என் சம்சாரம் வள்ளியம்மா கோயிலுக்குக்கூடப் போக மாட்டா."

"அவ்வளவு கட்டுப்பாடா?"

"பின்னே? அப்படி இருந்தும் ஒரே பொண்ணு, சிந்து, சொல்லாம கொள்ளாம எவனையோ கட்டிக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு வருஷமாச்சு. லெட்டர் மேல லெட்டர் போட்டா. அத்தனையும் பிரிக்காமத் திருப்பி அனுப்பிச்சேன். அவ எழுத்து ஒண்ணுகூட என் வாசப்படி தாண்டினதில்ல. அவ அம்மா அழுதா. அழட்டும்! சொன்னா சொன்னதுதான்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. டென்சில் தலையைக் குனிந்துகொண்டு ஸ்குரூடிரைவரைத் துணியால் துடைத்தான்.

"அப்போ செட்டை வேற யாரும் தொடறதே இல்லையா?" முனிராஜ் விடவில்லை.

"வெள்ளிக்கிழமையானா வள்ளியம்மா துடைச்சுக் குங்குமப் பொட்டு வைப்பா. அவ்வளவுதான். பேச்சை மாத்தாதீங்க!" என்றவர் டென்சில் பக்கம் திரும்பினார். "போன தீபாவளிக்கு நீயே வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தே. வீட்டு மனுஷன்னு நினைச்சு, என் சம்சாரத்தைக் காபி கொடுக்கச் சொன்னேன். நீ என்னடான்னா, நல்ல பார்ட்டையெல்லாம் உருவிட்டு டூப்ளிகேட்டைச் சொருகி வச்சிருக்கே. வெட்கமாயில்ல உனக்கு? இன்னையோட சரி. நேரா எஸ்.பி. ரோட்டு ரேடியோ கடைக்குப் போறேன். அங்கே திறந்து ஒண்ணொண்ணாக் கழட்டிப் பார்க்கட்டும், உன் வண்டவாளம் தெரிஞ்சுடும்."

டென்சிலின் முகம் வெளிறியது. செட்டின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

"வேணாம் சார்! இதை வேற யார்கிட்டேயும் கொடுக்காதீங்க. பைசா வேணாம். ஸ்வல்ப நேரம் உட்காருங்க, இப்பவே பண்ணிக் கொடுத்துடறேன்."

"பார்த்தீங்களா? திறந்து பார்க்கட்டும்னதும் எப்படிப் பதறுறான்!"

முனிராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிக்ஸியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நானும் வேற இடத்துலயே பார்த்துக்கறேன்பா," என்று படியிறங்கிப் போய்விட்டார்.

டென்சிலுக்குக் கண் கலங்கியது. அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை. இதுவரை யாரும் அங்கே நின்று திருடன் என்று சொன்னதில்லை. அவன் செட்டைத் தூக்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனான்.

பத்தே நிமிஷம். வெளியே கொண்டுவந்து கடை ஸ்பீக்கரில் மாட்டி ரேடியோவைப் போட்டான். இடதும் வலதும் ஒன்றாக, வீணை சுத்தமாகக் கேட்டது. ஆதிகேசவன் ஒரு கணம் கண்ணை மூடி ரசித்தார். அடுத்த கணமே சிலிர்த்துக்கொண்டார்.

"பத்து நிமிஷ வேலை! இதுக்கு ஆறு தடவை அலைய விட்டியே, அநியாயக்காரா! இன்னும் ஒரு தடவை கரகரத்துதோ, தொலைச்சுடுவேன்."

"கரகரத்தா இங்கேயே கொண்டாங்க சார்."

"வாய் மட்டும் குறைச்சலில்ல உனக்கு!"

போர்வையில் பழையபடி சுற்றி, ஆட்டோவில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பும்போதே கத்தல் ஆரம்பித்துவிட்டது.

"மெதுவாப் போப்பா! பள்ளம் பார்த்து ஓட்டு. மடியில என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

ஆட்டோ ஏரிப் பக்கம் திரும்பும்வரை டென்சில் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய், செட்டின் பின்மூடிக்குள்ளிருந்து எடுத்து வைத்திருந்த நீல இன்லண்ட் லெட்டரில், வள்ளியம்மா காலியாக விட்டிருந்த இடத்தில் சிந்துவின் ஓசூர் முகவரியை எழுதினான். ஆறு ரிப்பேரில் முதலாவது மட்டும்தான் ரிப்பேர். மற்ற ஐந்தும், வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கும்போது வள்ளியம்மா ஓர் ஒயரைத் தளர்த்திவிட்டு அனுப்பிய தபால். பதிலுக்கு இன்று டென்சில் உள்ளே வைத்து மூடியது, கடை விலாசத்துக்கு சிந்து அனுப்பியிருந்த, பிறந்து பதினோரு நாளான பேத்தியின் போட்டோ. அதைத்தான் தாத்தா இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.