ஒரு கிலோ மண்

"இங்கதானா?"

ஒரகடம் மேம்பாலத்தருகே காரை ஓரங்கட்டிவிட்டு, மூன்றாவது முறையாகக் கேட்டார் ஜகந்நாதன்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி சார்" என்றாள் இசைவாணி. அதுவும் மூன்றாவது முறை.

ஆய்வகப் பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு நேராக, 'ஒரகடம் மேம்பாலம் அருகே, சாலையோர மண்' என்று எழுதியவள் அவள்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பொய் எழுதும்போது மட்டும் எப்படித்தான் எழுத்து அவ்வளவு அழகாக வருகிறதோ.

தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவர் பேராசிரியர், அவள் அவரிடம் ஆராய்ச்சி மாணவி. ஊர் ஊராக மண் எடுத்துவந்து, அதிலிருக்கும் பாக்டீரியாக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது வேலை. அதில் ஏதாவது ஒன்று, நோய்க்கிருமியைக் கொல்லும் புது மருந்தைச் சுரக்காதா என்ற நப்பாசை. மூன்று வருஷத்தில் நாற்பது மண். நாற்பதும் கைவிரித்துவிட்டன.

நாற்பத்தொன்றாவது ஐந்து வாரம் இன்குபேட்டரில் கிடந்தது. போன திங்கட்கிழமை திறந்து பார்த்தால், தட்டில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. மேலே பரப்பியிருந்த கிருமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, எந்த மருந்துக்கும் மசியாத ரகம். அந்தப் புள்ளியைச் சுற்றி மட்டும் அது தலைகாட்டவே இல்லை. ஒரு ரூபாய் அகலத்துக்குத் தட்டு துடைத்துவிட்டாற்போல இருந்தது.

ஜகந்நாதனுக்கு அன்று மத்தியானம் சாப்பாடே இறங்கவில்லை.

ஆனால் புள்ளியைப் புதுத் தட்டுக்கு மாற்றினால் வளர மாட்டேன் என்றது. மூன்று தடவை மாற்றிப் பார்த்தாயிற்று. பழைய தட்டோ காய்ந்துகொண்டே வந்தது. இன்னும் இரண்டு நாள் தாங்கினால் அதிகம்.

"சிலது இப்படித்தாம்மா. சொந்த மண்ணுலயே வெச்சாத்தான் வளரும். நீ கொண்டுவந்த மண்ணும் தீர்ந்துடுத்து. ஒரு கிலோ அள்ளிண்டு வந்துடலாம், வா" என்று அவரே கார் சாவியை எடுத்துவிட்டார்.

"ஒரு பிடி போதாதா சார்?"

"பிடி மண்ணுக்கு யாராவது காரை எடுப்பாளா?" என்று சிரித்தார்.

இசைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பட்டா நுனியை முறுக்கினாள், பிரித்தாள். கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது.

ஏதாவது ஒரு மண்ணைக் காட்டிவிட்டால் என்ன? இதோ, இந்த டீக்கடைக்குப் பின்னால் இருக்கிறதே, இது மண் இல்லையா? சார் நம்பிவிடுவார். அந்தப் புள்ளிதான் நம்பாது. நாளை மறுநாள் செத்துப்போகும்.

சாகட்டும் என்று விட அவளால் முடியவில்லை.

"சார், அடுத்த லெஃப்ட் எடுங்க."

சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோ ஒன்று வழிவிட மறுத்து முறைத்துவிட்டுப் போனது. தார் ரோடு முடிந்து, ஒரு காம்பவுண்டுச் சுவரும் இரும்புக் கதவும் வந்தன. கதவுக்கு மேல் சிலுவை இருந்தது.

"இங்க எதுக்கும்மா?"

அவள் இறங்கி நடந்தாள். அவர் கரண்டியும் பையுமாகப் பின்னால் போனார்.

சுவரோரம், புல் முளைக்காத மண்மேடு ஒன்று. மரச்சிலுவையில் பெயிண்டால் எழுதியிருந்தது: தாவீது, வயது 24. அதற்குக் கீழே அடக்கம் செய்த தேதி.

அந்தத் தேதி ஜகந்நாதனுக்கு மனப்பாடம். பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் மண்ணை எடுத்த நாள் அதுதான். இடத்தை மாற்றி எழுதியவளுக்குத் தேதியை மாற்றத் தோன்றவில்லை.

"தம்பி சார். கம்பெனில மிஷின்ல விரல் மாட்டிக்கிச்சு. சின்னக் காயம்தான். அஞ்சு மருந்து மாத்தினாங்க, ஒண்ணும் கேக்கல."

'சொந்த வேலை' என்று நாலு நாள் லீவு எழுதிவிட்டுப் போனாளே, அது இதுதான். சொன்னால் எல்லாரும் துக்கம் விசாரிப்பார்கள், அழ வேண்டியிருக்கும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

அன்று எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். இசைவாணியும் அள்ளினாள். போடத்தான் கை வரவில்லை. மூடிய கையோடு வீட்டுக்கு வந்து, கைக்குட்டையில் முடிந்து வைத்தாள். தூக்கி எறியவும் மனசு இல்லை. மண்ணை எறியாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளும் இடம் அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

ஜகந்நாதன் ஒரு கிலோ பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இன்னொரு பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஒரு பிடி போதும்மா."

இசைவாணி மண்டியிட்டாள். ஒரு பிடி அள்ளினாள். குப்பி திறந்தே இருந்தது.

அந்தப் பிடியை அவள் தம்பியின் மேல் போட்டாள். அடுத்த பிடியைத்தான் குப்பியில் போட்டாள்.