பார்க்காமல் நீட்டிய கை

“இந்தா!”

குரல் கேட்டதும் அவளுடைய இடது கை தானாகப் பின்னால் நீண்டது. பேட்டன் உள்ளங்கையில் பதமாக வந்து உட்கார்ந்தது. பிடித்தாள், பறந்தாள்.

ரிலே ஓட்டத்தில் பேட்டன் கோலை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பந்தயம் போச்சு. பின்னால் வருகிறவளை நம்பிக் கையை நீட்டிவிட்டு முன்னால் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

கால் நீளம் என்பதால் அவளுக்குக் கொக்கு என்று பெயர். பழைய பள்ளியில் வைத்தது. புதுப் பள்ளியில் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. அங்கே அவள் சட்டையில் குத்திய எண்தான்.

புதுப் பள்ளி சுற்றுவட்டாரத்தில் நன்றாக ஓடுகிற பெண்களையெல்லாம் வலைபோட்டுப் பிடித்து வைத்திருந்தது. ஹாஸ்டல், சாப்பாடு, ஸ்பைக்ஸ் ஷூ எல்லாம் பள்ளியே கொடுத்தது. மற்ற பள்ளிகள் இந்த வருடம் மைதானத்துக்கு வரும்போதே இரண்டாம் இடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தன.

அணியின் நான்கு பேரும் நான்கு பள்ளிகளில் முதல் ஆளாக இருந்தவர்கள். ஒருத்தியிடம் தோற்ற கதை இன்னொருத்திக்கு உண்டு. பயிற்சி முடிந்தால் ஆளுக்கொரு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். கொக்கு வாய்விட்டுச் சிரித்து மாதக்கணக்காகிவிட்டது.

பழைய பள்ளியில் அவளுக்கு பேட்டன் கொடுத்துக்கொண்டிருந்தவள் சுண்டெலி. ஆள் குள்ளம். கிளம்பிவிட்டால் கண்ணில் அகப்படமாட்டாள். கொக்கு பள்ளி மாறுகிறாள் என்று தெரிந்த அன்றே சுண்டெலி பேச்சை நிறுத்திவிட்டாள். போன் செய்தால் அவள் அம்மாதான் எடுப்பாள். எப்போது கேட்டாலும் குளிக்கிறாள் என்பாள். ஒரு மனுஷி ஒரு நாளில் எத்தனை தடவைதான் குளிப்பாள்.

இன்று இரண்டு பள்ளிக்கும் பக்கத்துப் பக்கத்து லேன். அவரவர் இடத்துக்குப் பிரிந்து போகும் முன் கொக்கு கையசைத்தாள். சுண்டெலி குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பதக்கம் கிடக்கட்டும், இவள் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது கொக்குக்கு.

இப்போது அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மைதானமே எழுந்து நின்றது. வளைவு வரும்வரை யாரும் பக்கத்தில்கூட வரவில்லை. மூன்றாமவள் பார்க்காமல் வாங்கினாள். நான்காமவளும் பார்க்காமல்தான் வாங்கினாள். எல்லைக்கோட்டை முதலில் தொட்டது புதுப் பள்ளி.

ஆனால் யாரும் கைதட்டவில்லை.

முதல் கைமாற்று நடந்த இடத்தில் நடுவர் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவர் பக்கத்தில் புதுப் பள்ளியின் முதல் ஓட்டக்காரி, தங்கள் பேட்டனைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தாள். கொஞ்சம் தள்ளி, கொக்கின் இடத்துக்குப் பழைய பள்ளி புதிதாகச் சேர்த்த பெண். நீட்டிய கையை அவள் இன்னும் மடக்கவில்லை.

புதுப் பள்ளியில் “ஹேண்ட்” என்றுதான் கத்துவார்கள். “இந்தா” சுண்டெலியின் வார்த்தை. சொந்த அணிக்காரியைத் தாண்டி ஓடிவந்து, பக்கத்து லேனில் நீண்டிருந்த பழகிய கையில் வைத்துவிட்டாள்.

இரண்டு பள்ளிகளையும் நீக்கிவிட்டார்கள். இரண்டாம் இடத்துக்கு ஓடிய பள்ளிக்கு முதல் இடம். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்கள்.

சுண்டெலி தலை நிமிராமல் கடந்து போனாள்.

“நாலு வருஷமா ஒரே முதுகைப் பாத்து ஓடினேன்டி. வேற முதுகு கண்ணுல படல” என்றாள், போகிற போக்கில். நிற்கவில்லை.

புதுப் பள்ளி கோச்சுக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. “நம்ம பேட்டன் இல்லைன்னு கையில வாங்கினதும் தெரியலையா உனக்கு?”

தெரியவில்லை என்று கொக்கு தலையாட்டினாள். அவர் நம்பினார். பார்க்காமல் வாங்குவதுதானே ரிலே.

பழைய பள்ளியின் பேட்டன் போன வருடம் விழுந்து விரிசல் விட்டது. அவளும் சுண்டெலியும் படிக்கட்டில் உட்கார்ந்து அதற்குப் பச்சை டேப் சுற்றினார்கள். கத்தரிக்கோல் இல்லாமல் சுண்டெலி பல்லால் கடித்து அறுத்தாள். முனை கோணலாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து பிடிக்கும்போதெல்லாம் கொக்கின் கட்டைவிரலில் இடறும்.

இன்றும் இரண்டு எட்டு வைப்பதற்குள் இடறியது.

அப்போதே நின்றிருக்கலாம். ஆனால் அத்தனை மாதம் பேசாதவள் இந்தா என்று கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.