உப்புக்குப் பிடித்த குடை

விட்டிருந்த மழை மறுபடி தூறத் தொடங்குகிறது. ஆற்று வெள்ளம் தெருவுக்குள் ஏறி, சாயிராவின் வாசல்படியைத் தாண்டி உள்ளே போகிறது. தெருவுக்கும் சரஸ்வதியின் உப்பளத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மண் வரப்புதான். அதை வெட்டினால் வெள்ளம் உப்பளம் வழியே கடலுக்கு வடிந்துவிடும். ஆனால் மழைக்காலம் முழுக்க விற்றுச் சாப்பிட அவள் கீற்றுப் போட்டு மூடி வைத்திருக்கும் உப்புக் குவியல் கரைந்துபோகும். "ஆத்துக்கு கான்கிரீட் செவுரு கட்டணும்" என்கிறான் கலையரசன். "செவுரு கட்டினா தண்ணி எங்கப்பா போவும், உங்க வூட்டுக்கா? அதுக்கு வழி விடணும்" என்கிறார் ஷஃபி. இருவரும் முழங்கால் நீரில் நின்றபடியே பேசுகிறார்கள். மண்வெட்டியோடு வரப்பில் நிற்கும் சரஸ்வதி கேட்கிறாள்: "சாயிரா, கொழந்த எங்க படுத்திருக்குது?" "கட்டில் மேலதான்க்கா. கட்டில் காலு முழுவுது." சரஸ்வதி குவியலை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். பிறகு குனிந்து வரப்பை வெட்டுகிறாள். பழுப்பு நீர் பாத்திகளுக்குள் புரண்டு ஓடுகிறது. ஷஃபி பேச்சை நிறுத்திவிட்டு, "பிஸ்மில்லா" என்று ஒரு கூடையை எடுக்கிறார். "ஏம்பா செவுரு, சும்மா நிக்காத. பள்ளிவாசல் வராண்டா ஒசரமா இருக்குது, வா!" கரையாமல் மிஞ்சிய உப்பு கூடை கூடையாக அங்கே ஏறுகிறது. தூறல் வலுக்கிறது. குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு சாயிரா குடையோடு இறங்கி வருகிறாள். சரஸ்வதி தலையில் சுமக்கும் கூடைக்கு மேல் அதைப் பிடித்தபடி கூடவே நடக்கிறாள். "நீ நனையிறியேம்மா." "நான் கரைய மாட்டேன்க்கா." அவர்களுக்குப் பின்னால், தெருவில், அந்த வாசல்படி மெல்ல வெளியே தெரிகிறது.